உயர்த்தும் முன் அளக்க வேண்டியவை

கரடுமுரடான பாதைக்கு வண்டி கட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் ஆசைப்படுவது உயரத்துக்குத்தான். ஸ்பிரிங்குகளை மாற்றி நான்கு அங்குலம் தூக்கி நிறுத்தியதும் வண்டிக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. போகிறவர்களும் நின்று பார்க்கிறார்கள். ஆனால் அந்த வண்டியின் பின்னால் குனிந்து, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தொங்கும், எஞ்சின் விசையை அவற்றுக்குப் பங்கிடும் டிஃபரன்ஷியல் குண்டைப் பாருங்கள். அது பழைய இடத்திலேயே இருக்கும். இரு சக்கரங்களையும் ஒரே துண்டான அச்சு இணைக்கும் வண்டியில், ஸ்பிரிங் உடலை அச்சிலிருந்து விலக்கித் தூக்குகிறது. அச்சைத் தரையிலிருந்து தூக்குவது டயர் மட்டுமே. 29 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குல டயர் மாட்டினால் அச்சு உயர்வது இரண்டே அங்குலம், ஏனென்றால் விட்டத்தில் பாதிதான் அச்சுக்குக் கீழே வருகிறது. பாதையின் நடுவில் துருத்தி நிற்கும் கல் முதலில் இடிக்கப் போவது அந்தக் குண்டைத்தான். நான்கு அங்குல ஸ்பிரிங் அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டியில் ஸ்பிரிங்கின் நீளம் பிரேக் குழாயின் நீளத்தோடும், டயரின் விட்டம் கியர் விகிதத்தோடும், அச்சின் சாய்வு ஸ்டீயரிங்கின் நிதானத்தோடும் கட்டுண்டு கிடக்கின்றன. ஒன்றைத் தொட்டால் எங்கோ இன்னொன்று அசைகிறது. அது எது என்று தேடிப்போய்ப் பார்த்து, அதையும் சரி செய்து, அதனால் அசைந்த அடுத்ததையும் சரி செய்வதுதான் வண்டி கட்டும் வேலை. வீட்டில் கட்டுகிறவரிடம் லிஃப்ட் மேடையும் விலை உயர்ந்த கருவிகளும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அவசரம் இல்லை. ஒரு மாற்றத்தின் பின்விளைவை மூன்று வார இறுதிகள் ஆனாலும் கடைசிவரை துரத்திப் பிடிக்கலாம். வாடிக்கையாளர் வாசலில் காத்திருக்கும் பட்டறைக்கு அந்த வசதி கிடையாது.

உயரம்தான் வலிமை என்ற எண்ணத்துக்கு வரலாறும் துணை நிற்கவில்லை. 1941 முதல் போர் முடியும்வரை வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் ஆறு லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரித்த ஜீப்பை எடுத்துக்கொள்வோம். 60 குதிரைத்திறன் எஞ்சின், ஏறக்குறைய 1,100 கிலோ எடை, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலம். 1948இல் வந்த முதல் லேண்ட் ரோவருக்கும் அதே 80 அங்குலம்தான். இன்றைய கண்ணுக்கு அவை குள்ளமான, ஒல்லியான வண்டிகள். அவற்றைச் சேற்றிலும் மலையிலும் கொண்டுபோனது எடைக்குறைவும், குட்டையான நீளமும், மெதுவாக ஊர்ந்து போகவைக்கும் தாழ்ந்த கியருமே.

நீளம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு மேட்டின் உச்சியைத் தாண்டும்போது வண்டியின் வயிறு தட்டாமல் இருக்கவேண்டும். அச்சுகளுக்கிடையே 2.03 மீட்டர், வயிற்றுக்கும் தரைக்கும் 22 சென்டிமீட்டர் என்றால், தாண்டக்கூடிய மேட்டின் கோணம் தோராயமாக 24 பாகை. அதே 22 சென்டிமீட்டர் இடைவெளியோடு அச்சுகளுக்கிடையே 2.85 மீட்டர் இருந்தால் பதினேழரை பாகைதான். குட்டை வண்டிக்கு இணையாக வர, நீள வண்டியை இன்னும் ஒன்பது சென்டிமீட்டர் தூக்கவேண்டும். ஸ்பிரிங் உயர்த்துவதால் உண்மையில் கிடைக்கும் பயன் இங்கேதான்: வயிற்றுக்குக் கீழும், முன் பம்பருக்கும் பின் பம்பருக்கும் கீழும். பெரிய டயர் சக்கர வளைவில் உரசாமல் சுழல இடமும் கிடைக்கிறது. ஆகவே உயர்த்துவது வீண் என்று நான் சொல்லவில்லை. எதற்காக உயர்த்துகிறோம் என்று தெரிந்து, அதற்கு வேண்டிய அளவுக்கு மட்டும் உயர்த்தவேண்டும்.

அளவுக்கு மேல் போனால் அதற்கும் ஒரு கணக்கு காத்திருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கிடையே 1.5 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், வண்டி பக்கவாட்டில் கவிழத் தொடங்கும் சாய்வு காகிதத்தில் 47 பாகை. எடை மையம் 80 சென்டிமீட்டருக்கு ஏறினால் அது 43 ஆகிவிடும். பாதையில் இந்த எண்கள் இன்னும் சுருங்கும். சாய்ந்த பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும், டயர் மடங்கும், கீழ்ப்பக்கச் சக்கரம் ஒரு குழியிலும் மேல்பக்கச் சக்கரம் ஒரு கல்லிலும் ஏறும். கூரையின் மேல் உதிரி டயரும் தண்ணீர்க் கேன்களும் கட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். அந்தப் பொருட்களைக் கீழே இறக்கி, பின் அச்சுக்கு முன்னால் வண்டியின் தளத்தோடு ஒட்டிக் கட்டிவைப்பது செலவே இல்லாத பாதுகாப்பு.

டயருக்கு வருவோம். 29இலிருந்து 33 அங்குலத்துக்குப் போனால், சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுகிறது. வேகமானி 80 காட்டும்போது வண்டி 91இல் போய்க்கொண்டிருக்கும். அதைவிட முக்கியமானது, எஞ்சினின் பிடி தளர்ந்துபோவது. முதல் கியர் 4, விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தாழ்நிலையில் 2.5, அச்சு 4.1 என்ற விகிதங்களைப் பெருக்கினால் 41 வருகிறது. அதாவது எஞ்சின் 41 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். பெரிய டயர் போட்டதும் இதன் பலன் 36 ஆகத் தேய்ந்துவிடுகிறது. செங்குத்தான இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தவேண்டிய இடத்தில், பிரேக்கை மிதிக்கவேண்டி வரும். அந்தப் பிரேக்கும் பழைய பிரேக் அல்ல. டயரின் ஆரம் கூடியதால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை 12 சதவீதம் குறைந்திருக்கிறது. டயரின் எடை கூடியிருப்பதால் சுழலும் சக்கரத்தை அடக்கவும் அதிக விசை வேண்டும். பெரிய டயர் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அன்றே பிரேக் பேடுகளைப் பற்றி யோசிக்கிறார்கள்?

பழைய பிடியை மீட்க, அச்சுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் பற்சக்கரங்களை மாற்றவேண்டும். 4.1 இருந்த இடத்தில் கணக்குப்படி 4.67 தேவை, அதற்கு அருகில் விற்கப்படுபவை 4.56, 4.88. எடையும் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர் 4.88 பக்கம் போகலாம். ஆனால் வீட்டில் செய்யாமல் அனுபவமுள்ள கையிடம் விடவேண்டிய வேலை ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் கருத்து. இரண்டு பற்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளி பல அச்சுகளில் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர்; பல்லின் மேல் வண்ணப் பசை தடவி, சுழற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, மெல்லிய வளையத் தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் சரிசெய்யவேண்டும். மயிரிழை இடைவெளியை அளக்கும் டயல் கேஜ் இல்லாமல் கைக்கணக்கில் செய்தால் சில நூறு கிலோமீட்டரில் அச்சு ஊளையிடத் தொடங்கிவிடும்.

ஆனால் இத்தனையையும் எதன் மேல் கட்டுகிறோம்? வாங்கும் பழைய வண்டியின் பெயிண்ட்டைப் பார்ப்பதில் பயனில்லை. கீழே படுத்து, வண்டியின் இரும்புச் சட்டகமான சேசிஸைச் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போகவேண்டும். நல்ல இரும்பு கணீர் என்று ஒலிக்கும். துரு தின்ற இடம் மந்தமாகச் சத்தமிடும், சில சமயம் சுத்தியல் உள்ளேயே போய்விடும். ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், ஸ்டீயரிங் பெட்டி இருக்கும் முனை, சேறு அடைத்துக்கொண்ட வடிகால் துளைகள் ஆகியவற்றைத் தட்டாமல் விடக்கூடாது. பெட்டி வடிவச் சேசிஸ் உள்ளிருந்துதான் அரிக்கும் என்பதால் வெளியே பளபளப்பது எதையும் உறுதிசெய்யாது. ஏற்கெனவே கசியும் எண்ணெய், ஆடும் பேரிங், தேய்ந்த பந்து மூட்டு எல்லாவற்றையும் சரிசெய்து, வண்டியை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே மாற்றங்கள் பற்றிப் பேசவேண்டும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

இனி, நான் மிகவும் மதிக்கும் வேலை ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் வந்ததும் ஆவலில் உடனே மாட்டி ஓட்டிவிடுகிறவர்கள் அதிகம். சுருள் ஸ்பிரிங் வண்டியில் செய்யவேண்டியது இது: சேசிஸை நான்கு உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தி, ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு, வெறும் அச்சை ஜாக்கியின் மேல் வைத்து, ஒரு பக்கத்தை முழுதாக மேலேற்றி, மறுபக்கத்தை முழுதாகக் கீழே தொங்கவிடவேண்டும். பிறகு பக்கத்தை மாற்றி அதையே செய்யவேண்டும். டயரை மாட்டி, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பவேண்டும். ஓடும்போது நமக்குத் தெரியாமல் நடக்கும் எல்லாம் இப்போது கண்முன்னே, மெதுவாக நடக்கும். டயர் எங்கே உரசுகிறது, ஷாக் அப்சார்பர் ரப்பர் தடுப்பு தொடும் முன்பே உள்ளே போய் முட்டுகிறதா, தொங்கும்போது அதுவே முழு எடையையும் தாங்கி நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

என் வண்டியில் இதை முதல் முறை செய்தபோது இரவு பத்து மணி இருக்கும். இடது முன் சக்கரத்தை முழுதாகக் கீழே விட்டு, கை விளக்கைப் பிடித்துக்கொண்டு சக்கர வளைவுக்குள் தலையை நுழைத்தேன். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ் வில்லின் நாண் போல விறைத்து நின்றது. விரலால் தொட்டால் அதிர்ந்தது. ஹோஸ் உலோகக் குழாயோடு சேரும் முனையில் ரப்பர் வெளுத்து, மயிரிழை போலச் சில கீறல்கள் தெரிந்தன. அதற்கு முன் இரண்டு முறை அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். அன்று முதல், யாராவது வண்டியை உயர்த்தப் போவதாகச் சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, நீளமான பிரேக் ஹோஸ் வாங்கியாயிற்றா என்பதுதான்.

அதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று, புஷ். அச்சைச் சேசிஸோடு பிடித்திருக்கும் இரும்புக் கைகளின் முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் சுழலுவதில்லை, முறுக்கிக்கொள்கின்றன. வண்டி அந்தரத்தில் தொங்கும்போது அந்த போல்ட்டுகளை இறுக்கிவிட்டால், சக்கரம் தரையைத் தொட்ட நொடியிலிருந்தே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். சில மாதங்களில் கிழிந்துபோகும். பழி புதிய புஷ் தயாரித்தவர் மேல் விழும். போல்ட்டுகளை விரலால் மட்டும் மாட்டிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் இயல்பான உயரத்தில் நிற்கும்போது இறுக்கவேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

உயர்த்திய வண்டி நெடுஞ்சாலையில் அங்குமிங்கும் அலைகிறது என்ற புகார் அடிக்கடி வரும். முன் அச்சைப் பிடித்திருக்கும் கைகள் பழைய நீளத்திலேயே இருக்க, உடல் மட்டும் மேலே போனதால் அச்சு சற்றே உருண்டு, சக்கரம் தானாக நேர்நிலைக்குத் திரும்பவைக்கும் சாய்வு குறைந்துவிடுகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து அச்சுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் செங்குத்தாகிவிடும். அதன் இரு முனைகளிலும் உள்ள, வளைந்து சுழலும் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட் வளைந்த நிலையில் ஒரே சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். இரு முனைகளின் கோணமும் சமமாக இருந்தால் ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றொன்று ஈடுசெய்துவிடும். சமம் கெட்டால் அதிர்வு. இருக்கைக்கு அடியில் கேட்கும் அந்த முனகலை டயர் சத்தம் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள், ஒருநாள் ஷாஃப்ட் கழன்று தரையில் குத்திய பிறகே காரணத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். எவ்வளவு உயர்த்தலாம், எவ்வளவு பெரிய டயர் போடலாம் என்பதற்குப் பல நாடுகளில் சட்ட வரம்பும் உண்டு. காப்பீடும் அதைப் பொறுத்தது. வாங்கும் முன் படித்துவிடுவது நல்லது.

வண்டி சிக்கிக்கொள்வது பெரும்பாலும் உயரம் போதாமல் அல்ல, பிடிப்பு போதாமல்தான். சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்ற விசையே வேண்டாம்; ஆகவே தரையில் உறுதியாக நிற்கும் மற்றொரு சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. நான்கு சக்கர இயக்க வண்டி, ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் அந்தரத்தில் சுழல, நின்ற இடத்திலேயே நிற்பதன் காரணம் இது. இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்கர் இந்தச் சிக்கலை நேராகத் தீர்க்கிறது. நான்கு அங்குல உயரமா, பின் அச்சுக்கு ஒரு லாக்கரா என்று கேட்டால், யோசிக்காமல் லாக்கர் என்பேன்.

அதற்கும் முன்னால் வருவது காற்றழுத்தமானி. சாலையில் 32 அல்லது 35 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் டயரைக் கல்லிலும் சேற்றிலும் 18, 20க்கு இறக்கினால் அதன் தடம் நீளமாகிறது. ரப்பர் கல்லைச் சுற்றி மடிந்து பிடிக்கிறது. மணலில் 15 வரை போகிறவர்கள் உண்டு. இன்னும் இறக்கினால், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்று வரக்கூடும். சாலைக்குத் திரும்பும் முன் மறுபடி காற்றேற்றியே தீரவேண்டும், இல்லையேல் வேகத்தில் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். ஆகவே ஒரு கம்ப்ரெஸர் வேண்டும். ஒரு வண்டியின் திறமையை மிகக் குறைந்த செலவில் இந்த அளவுக்கு உயர்த்தும் வேறு பொருளை நான் பார்த்ததில்லை.

லாக்கர் போட்டதும் கதை முடிவதில்லை. இதுவரை இரு பக்கமும் பங்கிடப்பட்ட விசை இப்போது முழுதாக ஒரே அரை அச்சின் வழியே போகலாம். பெரிய டயர், தாழ்ந்த கியர், லாக்கர் மூன்றும் சேர்ந்தால் அச்சுத்தண்டோ முன் சக்கரத்தின் மூட்டோ முறியும். அதை மாற்றி வலுவானது போட்டால் அடுத்து யுனிவர்சல் ஜாயின்ட். அதையும் மாற்றினால் டிஃபரன்ஷியல் பற்கள். பலவீனம் ஒழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. ஆகவே எது முறியவேண்டும் என்பதை நாமே முடிவுசெய்துகொள்வது நல்லது. பாதையோரத்தில் படுத்து ஒரு மணி நேரத்தில் மாற்றக்கூடிய ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் முறியட்டும். அதன் உதிரியும் ஸ்பேனர்களும் பெட்டியில் இருக்கட்டும்.

வெல்டிங் பற்றி எழுதும்போது எனக்குப் பதற்றம் வருகிறது, ஏனென்றால் இது சட்டென்று உயிரோடு விளையாடும் வேலை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எர்த் கிளிப்பை வெல்டு செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டவேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் பேரிங்குகள் வழியே போய் அவற்றைக் கெடுக்கும். துத்தநாகம் பூசிய இரும்பை அப்படியே வெல்டு செய்தால் எழும் புகை காய்ச்சலில் படுக்கவைக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடம் முழுக்கக் காயாமல் வெல்டிங் தீப்பொறி பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். அந்த வகைத் திரவத்தை வெல்டிங் மேசைக்கு அருகிலேயே வைக்காதீர்கள். வண்டி உருண்டால் ஆட்களைக் காக்கத் தலைக்கு மேல் போடும் குழாய்க் கூண்டான ரோல் கேஜுக்குத் தண்ணீர்க் குழாய் வாங்கி வளைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது அடிபட்டால் மடங்கும். அதற்கென்றே செய்த தையலற்ற குழாய், சேசிஸோடு சேர்ந்த பிடிமானம், தலை படக்கூடிய இடங்களில் கெட்டியான உறை, நல்ல இருக்கைப் பட்டை எல்லாம் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. அந்த வெல்டுகளில் நம்பிக்கை இல்லையென்றால் பம்பரில் பழகிக்கொண்டு, கேஜைத் தேர்ந்தவரிடம் கொடுத்துவிடவேண்டும். வெறும் ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூட வண்டிக்குக் கீழே போகக்கூடாது.

தண்ணீர். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள், வண்டிக்கும் அதுதான். எஞ்சின் உறிஞ்சும் காற்றோடு தண்ணீர் போனால், அழுத்தினாலும் சுருங்காத தண்ணீரை பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். உயரமான காற்றுக்குழாய் போட்டவர்கள் அதன் ஒவ்வொரு இணைப்பும் காற்றுப்புகாமல் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் அது வெறும் அலங்காரம். அதைவிட எளிதில் மறக்கப்படுவது அச்சின் மூச்சுக்குழாய். ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து இழுக்கும். மூச்சுக்குழாய் அடைத்திருந்தாலோ நீருக்குள் மூழ்கியிருந்தாலோ அது தண்ணீரை இழுக்கும். ஒருமுறை பின் அச்சின் வடிகால் போல்ட்டைத் தளர்த்தியபோது தேன் நிறத்தில் வரவேண்டிய எண்ணெய், பால் கலந்ததுபோல் வெளுத்து, கெட்டியாக வழிந்தது. சில மீட்டர் ரப்பர் குழாயும் இரண்டு கிளிப்புகளும் இருந்திருந்தால் அந்த மூச்சுவாயை எஞ்சின் அறையின் உச்சிவரை கொண்டுபோயிருக்கலாம்.

சிக்கிய வண்டியை இழுக்க, சேசிஸோடு போல்ட் போட்ட, எடை மதிப்பு குறிக்கப்பட்ட கொக்கிகள் முன்னும் பின்னும் வேண்டும். டிரெய்லர் மாட்டும் குண்டில் இழுவைக் கயிற்றைப் போடவே கூடாது. நீண்டு சுருங்கும் கயிறு தேக்கிவைத்திருக்கும் விசையில் அந்தக் குண்டு பிய்த்துக்கொண்டு பறந்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச் வாங்கினால், சுமையோடு வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுவைத் திறன் என்பது பொதுவான அளவு. அந்த எண்ணும் உருளையில் கயிற்றின் அடி அடுக்கு மட்டும் இருக்கும்போது கிடைப்பது. மேலே மேலே சுற்றச் சுற்ற இழுவை குறையும். கப்பி ஒன்றைச் சேர்த்தால் இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும்.

எல்லாம் மாட்டி முடித்ததும், முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கியதும் சற்று நீண்டுவிடுபவை. அதனால் பழையதைத் திரும்பப் போடாமல் புதியதே போட்டிருந்தேன். முதல் நூறு கிலோமீட்டர் ஓடித் திரும்பிய மாலையில் விளக்கோடு கீழே போய் ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். எல்லாம் நேராக இருந்தன, இடது பின் யூ போல்ட்டின் ஒரு நட்டைத் தவிர. கோடு இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்கி, பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒன்று வரைந்தேன்.